அன்னக்கொடி எழுதிய மலையாளக் கடிதங்கள்

எழுபத்து நாலாம் வருசம் சித்திரை மாசத்தில் மதுரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பேரைப் பதிய அன்னக்கொடி போயிருந்தாள். போடியிலிருந்து காலை ரயிலைப் பிடித்துப் போயும் அவளுக்கு முன்னால் முந்நூறு பேராவது வரிசையில் நின்றார்கள். வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, ரோட்டுக்கு வந்திருந்தது. பி.ஏ. படித்தவர்கள், பி.எஸ்சி. படித்தவர்கள், ஒருவர் எம்.ஏ.கூட. எல்லாரும் சர்டிபிகேட் பையைத் தலைக்கு மேல் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஜன்னலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. உள்ளே இருந்தவர் தாள்களைப் புரட்டினார்.

"எஸ்.எஸ்.எல்.சி. டைப்பு தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர். ம்... உன்னை மாதிரி ஒரு லாரி லோடு ஆளு இந்த பீரோவுக்குள்ள கிடக்கும்மா. வேற என்ன தெரியும் உனக்கு?"

"வேற என்னன்னா?"

"மத்தவனுக்குத் தெரியாதது."

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அட்டையில் முத்திரையைக் குத்தி நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆனால் அன்னக்கொடிக்கு அந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது விடை கிடைத்துவிட்டது. தனக்கு மலையாளம் தெரியும்.

அதை ஒரு படிப்பாக அவள் அதுவரை நினைத்ததே இல்லை. அப்பா கன்னையனும் அம்மா சோலையம்மாளும் மலை மேலே கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிக்கு இருந்தார்கள். அவள் பிறந்தது தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில். பக்கத்தில் இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் மலையாளந்தான். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அதில்தான் எழுதினாள், கணக்குப் போட்டாள், அடி வாங்கினாள். பிறகு போடியில் அத்தை கருப்பம்மாள் வீட்டில் தங்கித் தமிழில் படித்தாள். தோட்டத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும் சனங்களுக்குச் சீட்டு வாசித்துச் சொல்லவும், ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்கவும் அந்த மலையாளம் உதவியது. எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். மேலே கோடு போடாமலே வரி நேராகப் போகும்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு ஏலக்காய்க் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் காய் பொறுக்கும் சோலிக்குச் சேர்ந்திருந்தாள். முப்பது பொம்பளைகள் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய காயில் வெடித்தது, வெளுத்தது, பூச்சியடித்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளி, பச்சை மாறாத பெரிய காயைத் தனியாக ஒதுக்குவார்கள். எடைக்குத்தான் கூலி. சாயங்காலம் அங்கிருந்து எழுந்து நேரே டைப்பு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவாள். ஆறுமாசக் கூலியில் பாதி அதற்கே போனது. அத்தை ஒரு நாளும் தடுக்கவில்லை.

எழுபத்தாறில், அவள் காய் பொறுக்கிய அதே கம்பெனியில் ஒரு டைப்பிஸ்ட் குமாஸ்தா வேண்டும் என்று வாசலில் பலகையில் எழுதி வைத்தார்கள். ஒரே ஒரு இடம். ராசிங்காபுரம், தேவாரம், சின்னமனூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் நூற்று நாற்பது மனு வந்து விழுந்தது.

அன்னக்கொடி இன்ஸ்டிட்யூட் மிஷினில் உட்கார்ந்து மனுவை அடித்தாள். பேர், வயசு, படிப்பு எல்லாம் கறுப்பில். கடைசி வரிக்கு வந்ததும் ரிப்பனை மாற்றும் குமிழைத் தள்ளினாள். 'மலையாளம் எழுத, படிக்க, பேச நன்றாகத் தெரியும்' என்ற வரி சிவப்பில் விழுந்தது.

இன்ஸ்டிட்யூட் நடத்திய திருப்பதிக்கு அது பிடிக்கவில்லை. "மனுவுல சிவப்பு அடிக்கிறது மரியாதை இல்லம்மா. கிழிச்சுட்டு வேற அடி."

"நூத்து நாப்பது தாளையும் யாரு சார் வாசிக்கப் போறா? இது ஒண்ணு கண்ணுல படட்டும்" என்றாள்.

கண்ணில் பட்டது. பன்னிரண்டு பேரை நேரில் வரச் சொன்னார்கள். பதினோரு பேர் ஆம்பளைகள். ஆளாளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வைத்திருந்தார்கள். மேல்சட்டைப் பையில் உறை துருத்திக்கொண்டு தெரிந்தது. அத்தையின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்த அன்னக்கொடியிடம் அப்படி ஒன்றும் கிடையாது.

முதலாளி வெள்ளைத்துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிவப்பு வரி போட்ட புள்ள நீதானா? நம்ம கிட்டங்கியிலயா பொறுக்குறே? நான் பாத்ததே இல்லையே."

"மூணு வருசமா அங்கதான் இருக்கேன் முதலாளி."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டார். சாந்தன்பாறையில் பெரிய தோட்டம் வைத்திருந்த அவுசேப்பு எழுதியது. மலையாளக் கடிதம் எது வந்தாலும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சேட்டனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதுதான் கம்பெனி வழக்கம். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, "சுகம் விசாரிச்சிருக்காரு, பதில் போடச் சொல்றாரு" என்று சொல்லியிருந்தார் சேட்டன்.

அன்னக்கொடி ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சுகம் முதல் வரியிலதான் இருக்கு முதலாளி. அதுக்குக் கீழ, போன லோடுல தன்னோட நல்ல காயோட வேற தோட்டத்துச் சோடைக் காயைக் கலந்து ஏலத்துல விட்டுட்டீங்கன்னு எழுதியிருக்காரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான பதில் வரலைன்னா இனி காயைக் குமுளிக்கு அனுப்பிருவேன்னு சொல்றாரு."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளைத்துரைக்கு முகம் வேர்த்துவிட்டது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் மலையாளத்தில் எழுதினாள். அவர் கோபமாகச் சொன்ன ரெண்டு இடத்தைப் பணிவாக மாற்றி எழுதி, மாற்றியதையும் அவரிடம் சொன்னாள். அவர் தாளை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் தெரியாவிட்டாலும், "அச்சடிச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார். "கெட்டிக்காரிதான். போய் வெளிய உக்காரு ஆத்தா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த அன்னக்கொடிக்குச் சந்தோசம்தான். கடிதத்தோடு ஒரு ஆள் ஜீப்பில் மலைக்கு ஏறுவதைக் கண்ணால் பார்த்தாள். இனி கேட்பதற்கு என்ன இருக்கிறது? அம்மாவை மலையை விட்டு இறக்கிவிடலாம் என்று யோசித்தாள். அலுவலகத்துக்கு உடுத்த மூணு சேலையாவது வேண்டும் என்று யோசித்தாள்.

நாலு மணிக்குப் பேரை வாசித்தார்கள். ராஜாராம், பி.காம். முதலாளியின் மச்சினர் கொடுத்த உறை அவன் பையில் இருந்தது.

மற்றவர்கள் கலைந்து போனார்கள். காருக்குப் போக வெளியே வந்த முதலாளியின் முன்னால் அன்னக்கொடி போய் நின்றாள்.

"எனக்கு என்ன முதலாளி குறை?"

அவருக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "குறை ஒண்ணும் இல்ல. ஆனா ஏழு ஆம்பளைக உக்காந்துருக்க இடத்துல உன்னைக் கொண்டாந்து எங்க உக்கார வைக்கிறது? அதுவும் போக, பொறுக்குற புள்ளைய நாற்காலியில ஏத்திவிட்டா மத்தவளுக கிட்டங்கியில ஒழுங்கா உக்காருவாளுகளா? நீ எங்க ஓடிறப் போறே. இங்கனதான இருக்கே. லெட்டர் வந்தா ஒரு குரல் குடுத்தா வெரசா வந்துட்டுப் போ."

நூற்று நாற்பது பேரில் அவளுடைய தாள் ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது. பட்டதன் பலன் இதுதான். வேலை கொடுக்காமலே வாங்கிக்கொள்ளக் கூடிய ஒன்று அவளிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோனது.

அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. கடிதம் எழுத எழுத ஒரு நாள் நாற்காலி தன்னால் வரும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் எட்டு வருசம் போனது.

மாசத்துக்கு ஏழெட்டுக் கடிதம் வரும். "அன்னக்கொடி, மேல கூப்பிடுறாங்க" என்று குரல் வந்ததும் முறத்தை ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போவாள். நாற்காலிகள் எல்லாம் ஆள் உட்கார்ந்தவை. கவிழ்த்துப் போட்ட காய்ப் பெட்டியில் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியை முன்னால் வைத்து எழுதுவாள். எழுதி முடித்ததும் ராஜாராம் கீழே கையெழுத்துப் போடுவான். எழுதப் போன நேரத்துக்கு எடை குறையும், கூலியும் குறையும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாண்டியம்மாள் சில நாள் தன் முறத்திலிருந்து ரெண்டு கை காயை அள்ளி அவள் குவியலில் போடுவாள்.

ராஜாராம் கெட்டவன் இல்லை. ஆரம்பத்தில் கூச்சப்பட்டான். தீபாவளிக்கு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தான். மெல்ல மெல்ல அந்தக் கூச்சம் போனது. கம்பெனியில் அவன் சம்பளம் ரெண்டு முறை ஏறியது. "மலைக்காரங்களைச் சமாளிக்க ராஜாராமை விட்டா ஆள் இல்லை" என்று முதலாளியே வெளியாட்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் குழம்பிப்போய்த் திரும்பினார்கள். கூலிக்காரக் குடும்பங்கள், டைப்பு படித்த பெண் நமக்கு அடங்காது என்றன. படித்த மாப்பிள்ளை வீட்டார், காய் பொறுக்குகிற பெண்ணா என்றார்கள். எண்பதில் கன்னையன் மலையிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சோலையம்மாள் கீழே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

எண்பத்து நாலில் அந்த அவுசேப்பே போடியில் சொந்தமாக ஏலக்காய்க் கம்பெனி தொடங்கினார். மலையாளம் தெரிந்த குமாஸ்தா தேவை, வயசு முப்பதுக்குள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்னக்கொடிக்கு இருபத்தொன்பது. எட்டு வருசமாக அந்த மனுசனுக்குத் தான் எழுதிய கடிதங்கள் அவரிடம் கட்டுக் கட்டாக இருக்கும். அதைவிட என்ன சிபாரிசு வேண்டும்? இந்த முறை சிவப்பு மை எல்லாம் வேண்டியதில்லை என்று நினைத்து, மனுவைக் கையாலேயே மலையாளத்தில் எழுதினாள்.

அவுசேப்பு அவளை முதல் ஆளாகக் கூப்பிட்டார். நரைத்த மீசை, வெள்ளை வேட்டி. பாதி மலையாளம், பாதித் தமிழில் பேசுவார். தன் கண் முன்னால் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினாள். அவர் தாளை எடுத்துப் பார்த்து, பெட்டியைத் திறந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ராஜாராமன் எழுத்தாச்சே. நீ எங்கே பழகினே?"

"அது நான் எழுதினதுங்க ஐயா. எட்டு வருசமா உங்களுக்கு வந்ததெல்லாம் நான் எழுதினதுதான்."

"கீழே ஒப்பு அவன்டேதல்லே?"

"கையெழுத்து அவரோடது. எழுத்து என்னோடது. மொதல் லெட்டர்ல, காயைக் குமுளிக்கு அனுப்பிருவேன்னு எழுதியிருந்தீங்க. அதுக்குப் பதில் நான்தான் எழுதினேன். அவரு அப்ப கம்பெனியிலயே இல்ல."

அவுசேப்பு தயங்கினார். அவள் சொன்னதில் பாதி அவருக்கு நம்பிக்கை வந்ததுபோல இருந்தது. போனை எடுத்துச் சுழற்றினார். மறுமுனையில் ராஜாராம் பேசுவது அந்தச் சின்ன அறையில் அன்னக்கொடிக்கும் கேட்டது.

"அந்தப் பொம்பளையாங்க? அது இங்க காய் பொறுக்குதுங்க. ஆபீஸ் கூட்டிப் பெருக்க வரும். அப்ப லெட்டரையெல்லாம் எடுத்துப் பாத்திருக்கும் போலருக்கு."

போனை வைத்துவிட்டு அவுசேப்பு பழைய கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"பெண்ணே, அடுத்தவன் எழுத்தை இத்தனை தத்ரூபமா எழுதுற ஒருத்தியை நான் ஆபீஸ்ல வச்சா, நாளைக்கு என் ஒப்பும் போடுவே. போய்க்கோ."

அவள் வாதாடவில்லை. என்ன சொன்னாலும் அது திருடி சொல்வதாகத்தான் கேட்கும் என்று விளங்கிவிட்டது. பெரிய கடைவீதி வழியாக நடந்து வீட்டுக்குப் போனாள். அத்தை கேட்டதற்கு, "வேற ஆளைப் போட்டுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளும் கிட்டங்கிக்குப் போனாள். ராஜாராம் அவள் இருக்கும் பக்கமே வரவில்லை. அஞ்சாம் நாள் நெடுங்கண்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலே கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கடைசியில் ராஜாராமே கடிதத்தோடு இறங்கி வந்து, அவளைச் சாக்கு அடுக்கியிருந்த மூலைக்குக் கூப்பிட்டான்.

"அன்னக்கொடி, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா ஊரு சிரிச்சிருக்கும். கம்பெனி மானம் போச்சுன்னு முதலாளி என்னை வெளிய தள்ளியிருப்பாரு."

"சொல்லியிருக்க வேணாம் சார். எனக்கொண்ணும் தெரியாதுன்னுட்டு போனை வச்சிருக்கலாம்ல. நான் கூட்டிப் பெருக்க வந்து லெட்டரைத் திருடிப் பாத்தேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

அவன் கடிதத்தை மட்டும் நீட்டிக்கொண்டே நின்றான். அவள் வாங்கவில்லை.

மத்தியானம் முதலாளியே கூப்பிட்டனுப்பினார். போய் நின்றாள்.

"எனக்கு மலையாளம் தெரியாது முதலாளி."

"என்ன புள்ள, விளையாடுறியா?"

"காய் பொறுக்குறவளுக்கு மலையாளம் எப்படித் தெரியும்? உங்க ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்க. என் பேருக்கு நேரா என்ன சோலின்னு போட்டுருக்கு?"

வெள்ளைத்துரை அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கீழே வந்து தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது முப்பது பொம்பளைகளும் குனிந்தே இருந்தார்கள். பாண்டியம்மாள் மட்டும் எழுந்து வாசல் வரை வந்தாள்.

கம்பெனி அவள் இல்லாமல் திண்டாடும், தேடி வருவார்கள் என்று மனசுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை. பத்து நாளில் கம்பத்திலிருந்து ஒரு இளந்தாரியைக் கொண்டாந்துவிட்டார்கள். மலையாளக் கடிதம் எழுத மட்டும் மாசச் சம்பளத்தில் ஒரு ஆள். ராஜாராமின் மேசைக்குப் பக்கத்தில் அவனுக்குப் புது மேசை, புது நாற்காலி. எட்டு வருசமாக அந்த அறையில் இல்லாத இடம் பத்து நாளில் உண்டாகிவிட்டது. ராஜாராமுக்கும் ஒரு குறையும் வரவில்லை. எழுதியது யார் என்று முதலாளிக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமே. இதையெல்லாம் பாண்டியம்மாள்தான் வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு மலைக்குத்தான் போனாள். விடியும் முன்னே போடியிலிருந்து கிளம்பும் தோட்டத்து ஜீப்பில் பதினாறு பதினேழு பொம்பளைகளோடு நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு ஏறி, களை பறித்து, ஏலச்செடிச் சரத்திலிருந்து பழக்காய் எடுத்து, சாயங்காலம் இறங்கினாள். கிட்டங்கியில் காய் வரத்து குறைந்த மாசங்களில் பாண்டியம்மாளும் அதே ஜீப்பில் வந்தாள்.

எண்பத்தேழு ஆடியில் ஒரு நாள் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருந்தது. தோட்டத்து முதலாளி நெடுங்கண்டத்தில் புது மருந்து வாங்கி அனுப்பியிருந்தார். டப்பாவோடு மடித்து வைத்த தாள் முழுக்க மலையாளம். தேவாரத்துக்காரரான கங்காணி மொக்கையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொம்பளைகளைப் பார்த்துக் கேட்டார்.

"யாருக்காச்சும் மலையாளம் வாசிக்கத் தெரியுமா?"

தாள் அவர் கையில் விரிந்திருந்தது. அன்னக்கொடி நின்ற இடத்திலிருந்தே எழுத்து தெரிந்தது. கடும் விஷம். ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளாமல் அடிக்கக் கூடாது.

பாண்டியம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அன்னக்கொடி தலையை லேசாக ஆட்டினாள், சொல்லாதே என்று.

"சரி விடுங்க" என்றார் மொக்கையன். "பழைய மருந்து மாதிரி மூணு மூடி ஊத்திக் கலக்குங்க."

"நான் கலக்குறேன் அண்ணே" என்று அன்னக்கொடி டப்பாவை வாங்கிக்கொண்டாள். வரிசையாக வைத்திருந்த வாளிகளில் ஒவ்வொரு மூடிதான் ஊற்றினாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"எல்லாரும் மூஞ்சியக் கட்டுங்கடி. கட்டாம ஒருத்தியும் வாளியத் தொடக்கூடாது."

"எதுக்குக்கா?" என்றாள் ஒருத்தி.

"நாறுதுல்ல" என்றாள் அன்னக்கொடி. வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.